தாயைத் திட்டாதீர்கள்: கழுகுக் கூடு பற்றி வாசகர் கேட்டவை

ஜூன் இதழில் கழுகுக் கூட்டைப் பற்றி நான் எழுதிய அரைப் பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில் லெனேஷியா, ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நாலா பக்கமிருந்தும் வந்திருக்கின்றன. கடல் தாண்டிச் செங்கல்பட்டிலிருந்துகூட ஒன்று. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். அதற்கே நிறைய இடம் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதைப் படிக்காமல் விட்டவர்களுக்காக: ஜோஹன்னஸ்பர்க்குக்கு மேற்கே ரூடெபோர்ட் பக்கம் வால்ட்டர் சிசுலு தேசியத் தாவரத் தோட்டம் இருக்கிறது. ரிவோனியா வழக்கில் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்ற சிசுலுவின் பெயரை அதற்கு 2004-ல் வைத்தார்கள். நான் சிறுமியாக இருந்த காலத்தில் அருவி, தோட்டம் என்று நினைத்த இடத்துக்கு நம்மவர்கள் போய்விட முடியாது; 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். இன்று வாசலில் சீட்டு வாங்கினால் நேரே உள்ளே போகலாம். 70 மீட்டர் உயரத்திலிருந்து விட்போர்க்கி அருவி விழுகிறது. அதை ஒட்டிய செங்குத்துப் பாறையில் ஒரு ஜோடி வெர்ரோ கழுகு கூடு கட்டியிருக்கிறது. கன்னங்கரேல் என்ற பறவை; முதுகில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, மஞ்சள் கால், கண்ணைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. சிறகை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். கீழே தன்னார்வலர்கள் தொலைநோக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். அங்கே போக முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கூட்டைப் பார்த்தபடி பொருத்திய கேமரா.

நான் 34 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், பெரும்பாலும் குழந்தைகள் வார்டில். இப்போது வயது 71. லெனேஷியாவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் அந்தக் கூடுதான் எனக்குத் துணை.

*

கேள்வி: அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பார்த்தோம். பெரிய குஞ்சு சின்னதைக் கொத்திக்கொண்டே இருந்தது. தாய் பக்கத்திலேயே கல் மாதிரி நின்றது. பெத்த வயிறா அது? தன் சிறகு கருகினாலும் பரவாயில்லை என்று தம்பி சடாயுவைக் காத்த சம்பாதியின் கதையைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். என் மகள் அழுது அழுது அன்று சாப்பிடவே இல்லை. அந்தத் தாய் ஏன் தடுக்கவில்லை?
(வாசகி, ஃபீனிக்ஸ்)

முதலில் உங்கள் மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த இனத்தில் இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். முட்டையின் அழகை எழுதினேன், அதற்குப் பிறகு வரப்போவதை எழுதவில்லை. சந்தோஷமாகப் பார்க்க ஆரம்பிக்கட்டுமே என்று நினைத்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறுதான்.

வெர்ரோ கழுகு பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் அடுத்ததற்கும் மூன்று, நான்கு நாள் இடைவெளி. முதல் முட்டை விழுந்ததுமே அடைக்கு உட்கார்ந்துவிடுவதால், சுமார் 44 நாள் கழித்துக் குஞ்சுகளும் முன்பின்னாகத்தான் வெளியே வரும். அந்தச் சில நாளில் மூத்தது தின்று தேறிவிடுகிறது. இளையது முட்டையோட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டும்போது, எதிரே கழுத்து நின்று, கண் தெளிந்து, அலகு உறைத்த ஒரு அண்ணன் இருக்கிறது.

ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் 1964 முதல் இந்தக் கழுகுகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறார்கள். அதில் பல வருஷம் உழைத்த வலேரி கார்கெட் என்ற அம்மையார் ஒரு கூட்டில் நடந்ததைக் கொத்துக் கொத்தாக எண்ணி எழுதி வைத்தார். இளையது உயிரோடு இருந்த மூன்று நாளில் மூத்தது அதைக் கொத்தியது 1,569 தடவை. அந்த மூன்று நாளில் மூத்தது சுமார் 50 கிராம் ஏறியது, இளையது 18 கிராம் இளைத்தது. இரை குறைந்துபோனதால் வரும் சண்டை என்று நினைக்காதீர்கள். கூட்டில் தின்ன நிறையக் கிடக்கும்போதே நடக்கிறது. இரண்டும் பிழைத்து வெளியே பறந்த கூடுகள் இந்த இனத்தில் மிக மிக அரிது.

நீங்கள் பார்த்ததைத்தான் நானும் பார்த்தேன். இரண்டாம் நாள் காலை ஏழரை மணி. எங்கள் வீட்டு ஸ்டூப்பில், அதாவது வாசல் திண்ணையில், வாளித் தண்ணீரின் மேல் பால் ஆடை மாதிரி ஐஸ் படிந்திருந்தது. கூட்டின் ஓரத்தில் பாதி தின்ற கினிக்கோழி ஒன்று. அதன் புள்ளிச் சிறகு காற்றில் எழுவதும் படிவதுமாக இருந்தது. தாய் அதன் ஈரலில் நூல் மாதிரி ஒரு இழையைக் கிழித்து, தலையை ஒருக்களித்து, அலகின் நுனியில் வைத்து நீட்டியது. இளையது தலையைத் தூக்கியது. தூக்கிய உடனே மூத்தது அதன் பிடரியைக் கவ்வி முறுக்கியது. இளையது குப்புறப் படுத்துக்கொண்டது. படுத்தால் அடி நின்றுவிடுகிறது. தலையைத் தூக்கினால் அடி விழுகிறது. தூக்காவிட்டால் இரை கிடைக்காது. தாய் அந்த இழையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தது. வாங்க யாரும் இல்லை. பிறகு மூத்தது வாயைத் திறந்தது, அதற்குக் கொடுத்தது. மூன்றாம் நாள் மாலை இளையதின் பிடரியில் பஞ்சு இல்லை, சிவந்த தோல்தான் இருந்தது. நான்காம் நாள் விடிந்தபோது அது அசையவில்லை.

பின் எதற்கு இரண்டாவது முட்டை என்று கேட்பீர்கள். முதலாவது கூமுட்டையாகப் போய்விட்டால், அல்லது மூத்தது நோஞ்சானாகப் பிறந்து முதல் நாளே செத்துப்போனால், அந்த வருஷம் கூடு வெறுமையாகிவிடாமல் இருக்கத்தான். வருஷத்துக்கு ஒரே ஈடுதான் இந்தப் பறவைக்கு. மூத்தது நன்றாக இருந்தால் இளையதின் வேலை பிறப்பதோடு முடிந்துவிடுகிறது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் இதுதான் உண்மை.

தாய்க்கு வருகிறேன். அது தடுக்கவில்லை, நிஜம். தடுக்க வேண்டும் என்று தெரிந்தும் பேசாமல் நின்றது என்பது நாம் நம் வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்தது. கழுகுத் தாய்க்குத் தெரிந்தது, தூக்கிய வாயில் இரை வைப்பது. தூக்கிய வாய்க்கு அது வைத்தது. நீட்டிய துண்டோடு காத்தும் நின்றது.

1980-களில் ஒரு இரவு ட்யூட்டி. வயிற்றுப்போக்கில் வந்த ஏழு மாசக் குழந்தை விடிகாலையில் போய்விட்டது. அந்தத் தாய்க்கு இருபது வயதுகூட இருக்காது. வெளியே வராந்தாவில் சொந்தக்காரர்கள் அவளிடம் கேட்ட முதல் வார்த்தை, "நீ என்னத்தப் பார்த்துக்கிட்டிருந்தே?" இரவு முழுக்க அவள் ஸ்பூனால் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியதைப் பார்த்தவள் நான். அதைச் சொல்ல நான் வாயைத் திறக்கவில்லை. ஷிஃப்ட் மாறுகிற நேரம், எழுத வேண்டிய சார்ட் இருந்தது. அவள் சுவரில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அந்தப் பார்வை என்னை விட்டுப் போகவில்லை. உங்கள் கடிதத்தில் "பெத்த வயிறா" என்று படித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். கழுகும் மனுஷியும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் அந்த வார்த்தை ஒரு பறவையின் மேல் இவ்வளவு சுலபமாக விழுமானால், அடுத்த வீட்டுப் பெண்ணின் மேல் விழ எத்தனை நேரம் ஆகும்? கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பது உங்கள் மகள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன், கோபத்தில் இல்லை.

சம்பாதியை நினைவுபடுத்தினீர்கள். போன வாரம் அந்தக் கூட்டிலேயே சம்பாதியின் சிறகைப் பார்த்தேன். உச்சி வெயில் பாறையில் நேராக அடித்தது. குஞ்சு வாயைப் பிளந்து இரைத்தது. தாய் வெயில் பக்கமாக முதுகைத் திருப்பி, இரண்டு சிறகையும் பாதி விரித்து, குடை மாதிரி வைத்துக்கொண்டு நின்றது. நான் சமையலறைக்குப் போய்ப் பருப்பை இறக்கி, தாளித்துக் கொட்டிவிட்டு வந்து பார்த்தேன், அப்படியேதான் நின்றது. உங்கள் மகளை ஒரு மதியம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். இளையது செத்ததை மறக்கச் சொல்லாதீர்கள், இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

*

கேள்வி: ஸிஸ்டர், கயிறு கட்டி ஒரு ஆள் இறங்கினால் அந்த இரண்டாவது குஞ்சை எடுத்து வளர்த்துவிடலாமே? நீங்களே எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றியவர். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உங்களுக்கு மனசு வந்ததா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வரவில்லை, அண்ணா. மூன்றாம் நாள் லேப்டாப்பை மூடினேன், பத்து நிமிஷத்தில் மறுபடி திறந்தேன். அன்று முழுக்க அப்படித்தான்.

நீங்கள் சொல்வது நடக்காத காரியமில்லை. ஜெர்மனியில் சிறுபுள்ளிக் கழுகு என்ற இனம் அருகிப்போனதால், இளைய குஞ்சை முன்னாலேயே எடுத்து வெளியே வளர்த்து, கொத்துகிற வயது தாண்டியபின் திரும்பக் கூட்டில் வைக்கிறார்கள். பிழைக்கவும் செய்கிறது. அங்கே அதற்கான ஆட்களும் வருஷக்கணக்கான பழக்கமும் உண்டு.

நம் கழுகுக் கூடு இருக்கும் ரூடெக்ரான்ஸில் அதைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. ஜூன் மாத உறைபனியில் பாறையில் ஆள் இறங்கினால் தாய் எழுந்துவிடும். இளையதை எடுக்கிற நேரத்தில் மூத்தது விறைத்துவிடும். ஒன்றுக்காகப் போய் இரண்டையும் இழப்போம். இன்னொன்று, இரண்டாவதை எடுத்து வளர்த்து எங்கே விடுவீர்கள்? நம் நாட்டில் இந்தக் கழுகை 2015 பட்டியலில் அழிவாய்ப்பு உள்ள இனமாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது பாறையும், அதைச் சுற்றி வேட்டைக்குத் திறந்த வெளியும். இதன் முக்கியமான இரை டாஸி, அதாவது பாறையிடுக்கில் வாழும் வாலில்லாத கொழுத்த பிராணி. கிறிஸ்தவ அன்பர்கள் குழிமுசல் என்று வேதத்தில் படித்திருப்பார்கள். மட்டோபோவில் கிட்டத்தட்ட அதை மட்டுமே தின்று வாழ்கின்றன. ரூடெக்ரான்ஸைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால் இங்கே கினிக்கோழி, முயல் என்று கிடைத்ததைப் பிடிக்கின்றன. இருக்கிற ஒரு குஞ்சு வளர்ந்து, கரண்டுக் கம்பியில் சிக்காமல், விஷம் வைத்த இறைச்சியைத் தொடாமல், தனக்கென்று ஒரு குன்றைக் கண்டுபிடித்தாலே பெரிய காரியம். கயிற்றுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை அந்தத் தொலைநோக்கிக்காரர்களின் உண்டியலில் போடுங்கள். உங்களைக் கேட்டுக்கொள்வது அதுதான்.

*

கேள்வி: அடுத்த மாதம் புரட்டாசி. வீட்டில் மாமிசம் வராது, பாத்திரம்கூடத் தனி. மருமகள் கழுகுக் கேமராவைப் பெரிய டிவியில் போட்டுவிடுகிறாள். ரத்தமும் இறைச்சியுமாகத் தெரிகிறது. விரத வீட்டில் இதைப் பார்க்கலாமா?
(வாசகி, லெனேஷியா)

நம் ஊர் வழக்கம் தெரிந்துதான் கேட்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்கூட நாம் புரட்டாசியைப் பிடிக்கிற பிடியைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சாஸ்திரம் படித்தவர்கள் வேறு சொன்னால் அவர்களையே கேளுங்கள்.

விரதம் நாம் எடுத்துக்கொண்டது. அந்தப் பறவைக்கு அது இல்லை. அது குஞ்சுக்கு ஊட்டுகிறதைப் பார்ப்பதால் நம் இலையில் மாமிசம் விழுந்துவிடாது. எங்கள் வீட்டில் காலை, மாலை விளக்கேற்றும்போது திரையை மூடிவிடுவேன். நாமம் போட்டுச் சந்தனம் தொட்டுவிட்டுத் திறப்பேன். மனசு ஒப்பாவிட்டால் நீங்கள் பார்க்க வேண்டாம், மருமகளைத் தன் ஃபோனில் பார்க்கச் சொல்லுங்கள். இதற்காக மாமியார் மருமகள் சண்டை வேண்டாம்.

ஆனால் ஒன்று. குஞ்சு முட்டையை விட்டு வந்து 90 முதல் 98 நாளுக்குள் பறக்கும். இந்த வருஷக் கணக்குப்படி அது புரட்டாசி முதல் சனிக்கிழமையை ஒட்டி வருகிறது. பெருமாளுக்கு உகந்த மாதத்தில் அவர் வாகனத்தின் சாதிசனத்தில் ஒன்று முதன்முதலாகச் சிறகை நம்பிப் பாறையை விட்டுக் காலை எடுப்பதைப் பார்க்காமல் விடாதீர்கள். இப்போதே கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகுகிறது. காற்று அடிக்கும்போது ஒரு முழம் மேலே தூக்கிவிடுகிறது, பயந்துபோய் நகத்தால் சுள்ளியைப் பற்றிக்கொள்கிறது. அப்பா அம்மா மாதிரி கறுப்பு இல்லை இது. உடம்பெல்லாம் பழுப்பு, பிடரியும் உச்சந்தலையும் செம்பட்டை. முழுக் கறுப்பு ஏற நாலைந்து வருஷமாகும்.

*

கேள்வி: அம்மா, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருக்கழுக்குன்றம். உச்சிவேளையில் இரண்டு கழுகு வந்து பொங்கல் சாப்பிட்டதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதும் கழுகும் அதுவும் ஒரே இனமா?
(வாசகர், செங்கல்பட்டு)

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. என் ஆயாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி நேட்டாலுக்கு வந்தவர். காசியில் குளித்து, கழுக்குன்றத்தில் உண்டு, ராமேஸ்வரத்துக்குப் போகும் இரண்டு பறவைகளைப் பற்றி ஆயா எங்களுக்குச் சோறு ஊட்டும்போது சொல்வார். அவரும் அந்த மலையைப் பார்த்ததில்லை. அவர் அப்பா சொன்னதைச் சொன்னார். நேரில் பார்த்த ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே இனம் இல்லை. அங்கே வந்தது மஞ்சள்முகப் பாறு. பிணந்தின்னிக் கழுகுக் கூட்டத்தைச் சேர்ந்தது, செத்ததையும் மிச்சம் மீதியையும் தின்னும். அதனால்தான் பொங்கலுக்கும் வந்தது. வெர்ரோ கழுகு தானே வேட்டையாடித் தின்பது, நம் கையால் எதையும் வாங்காது. உங்கள் மேற்குத்தொடர்ச்சி மலையில் கருங்கழுகு என்று ஒன்று உண்டு, காட்டு மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு மெதுவாகப் பறந்து மற்ற பறவைகளின் கூட்டில் முட்டை, குஞ்சு தேடும். அதுவும் வேறு இனம். இங்கேயும் பழைய ஆட்கள் வெர்ரோவைக் கருங்கழுகு என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது.

*

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்னால் பள்ளத்தாக்கில் உயரமான கம் (யூகலிப்டஸ்) மரத்தில் பெரிய கூடு இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பையன்கள் மரத்தை வெட்ட வேண்டும் என்கிறார்கள். இதுவும் உங்கள் கழுகுதானா?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

நாய்க்குட்டியை இழந்த வீட்டுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். வளர்த்த பிள்ளைகளுக்கு அது பெரிய துக்கம்.

உங்கள் பக்கத்தில் இருப்பது மகுடக் கழுகாக இருக்கும். தலையில் கொண்டை, மார்பில் கறுப்பும் வெள்ளையும் செம்பழுப்புமாகப் பட்டை, தடித்த கால். காட்டுப் பறவைதான் என்றாலும் டர்பனின் பள்ளத்தாக்குகளில் விட்டுவைத்த மரங்களுக்குள் நகரத்தோடு நகரமாகக் குடியிருக்கிறது. உலகத்தில் வேறு பெருநகரங்களுக்குச் சுலபமாகக் கிடைக்காத பாக்கியம் அது. டாஸி, குரங்கு, ஹாடீடா என்ற அரிவாள்மூக்கன் பறவையின் குஞ்சு இவைதான் அதன் பிழைப்பு. வீட்டுப் பிராணிமேல் கை வைப்பது பெரும்பாலும் வேட்டை பழகாத இளம் பறவை, பசியில்.

மரத்தை வெட்ட விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவை, கூட்டைத் தொட்டால் வழக்கு வரும். அதைவிட முக்கியமாக, அந்தக் கூடு போனால் பல வருஷமாகச் சுள்ளி சுள்ளியாக அடுக்கியது போகிறது. குட்டி நாயை முற்றத்தில் தனியாக விடாதீர்கள், மேலே வலை போட்ட கூண்டு செய்யுங்கள். எலிப் பாஷாணத்தை நிறுத்துங்கள். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பருந்தும் சேர்ந்து சாகின்றன. பையன்களை அழைத்துப் போய்த் தூரத்திலிருந்து கூட்டைக் காட்டுங்கள். கத்தியை எடுக்கிற கை அதைப் பார்த்தபின் அப்படியே இருக்காது என்று நம்புகிறேன்.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளின் ரொட்டியைப் பறிக்கிறது என்று நீங்கள் கடைசியில் எழுதியிருப்பது கழுகே இல்லை. வாலில் பிளவு இருந்தால் அது மஞ்சள் அலகுப் பருந்து. ஆகஸ்டில் வடக்கிலிருந்து வந்து, கோடை முடிந்ததும் போய்விடும்.

*

கேள்வி: கழுகு ஒரு துணையோடுதான் வாழும், துணை போனால் தனியாகவே இருந்து உயிரை விடும் என்று சொல்கிறார்களே, நிஜமா அக்கா? நான் இரண்டு வருஷமாகத் தனியாக இருக்கிறேன்.
(வாசகி, லெனேஷியா)

உயிரோடு இருக்கும்வரை ஜோடியை விடாது, அது நிஜம். தனியாகவே சாகும் என்பது நிஜம் இல்லை. இதே ரூடெக்ரான்ஸில் எமோயேனி, துலானே என்று ஒரு ஜோடி பல வருஷம் கூடு நடத்தியது. எமோயேனி என்றால் ஜூலுவில் "காற்றில்" என்று அர்த்தம். ஒரு நாள் எமோயேனி திரும்பி வரவில்லை. பிறகு மகாட்சா என்ற புதுப் பெண் வந்தது, துலானே அதனோடு சேர்ந்து மறுபடி சுள்ளி சுமந்தது.

நீங்கள் கேட்டது கழுகைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குப் படுகிறது. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மெல்ரோஸ் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிறேன், பூக்கட்டுகிறவர்களோடு உட்கார்ந்திருப்பேன். வாருங்கள்.

*

கேள்வி: நேரலையில் ஆண் எது, பெண் எது? எந்த நேரத்தில் பார்த்தால் நல்லது? இரவு வெளிச்சம் அதைத் தொந்தரவு செய்யாதா?
(மூன்று பேர் கேட்டது)

பெண் பெரியது, இரண்டும் ஒன்றாக நிற்கும்போதுதான் தெரியும். காலை ஆறரை முதல் ஒன்பதுக்குள் பச்சைத் தழை கொண்டுவந்து கூட்டில் விரிப்பதைப் பார்க்கலாம். இரை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. இரவில் பாய்ச்சுவது அகச்சிவப்பு ஒளி, அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. கேமராவை முட்டையிடும் காலத்துக்கு முன்பே பொருத்திவிட வேண்டும், நடுவில் கெட்டால் குஞ்சு பறக்கும்வரை அதைத் தொடக்கூடாது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். கழுகு அதைத் தன் எல்லைக்குள் வந்த எதிரி என்று எண்ணிப் பாயும், விசிறியில் சிறகு அறுபடும்.

*

கேள்வி: ஆயா, அம்மாக் கழுகு இப்போ ராத்திரியில் கூட்டில் படுப்பதில்லையே. குஞ்சு தனியாத் தூங்க பயப்படாதா? எனக்கு 9 வயசு.
(லெனேஷியா)

கண்ணு, நீ எழுதியிருக்கும் தமிழ் எவ்வளவு அழகாக இருக்கிறது! சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்டுவிடாதே.

குஞ்சு சின்னதாக இருந்தபோது அம்மா இரவெல்லாம் அதன்மேல் உட்கார்ந்து சூடு கொடுத்தது. இறகு முளைத்த பிறகு குஞ்சுக்குத் தன் சூடே போதும். இப்போது அம்மா கிட்டத்திலேயே வேறு பாறை விளிம்பில் தூங்கும். கேமராவில் தெரியாது.

உனக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று நேற்று இரவு விழித்திருந்து பார்த்தேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது, பதினொன்றரைக்கு வந்தது. திரும்பப் போட்டபோது குஞ்சு கூட்டின் நடுவில் வயிற்றைக் கீழே வைத்துப் படுத்திருந்தது. இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும், தலையைத் தூக்கியது. அருவிப் பக்கம் பார்த்தது, மேலே பார்த்தது. கண் இரண்டும் வெள்ளைப் பொட்டு மாதிரி மின்னின. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, தலையைப் பின்னால் திருப்பி, அலகை முதுகு இறகுக்குள் சொருகிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டது.